உப்பில்லாத கடல்

நோஃப்ரே கடலை நக்கிப் பார்த்தான்.

விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான். "உப்பு."

"நல்லா பார்த்துச் சொல்லு," என்றாள் கொலோமா, சுக்கானிலிருந்து கையை எடுக்காமல்.

"பாஸ், காலையிலேர்ந்து ஒவ்வொரு கலாவா நக்கிட்டு வர்றேன். துப்பறியற தொழில்ல நாய் மோப்பம் பிடிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். நக்கும்னு யாரும் சொல்லல."

"நாய் இவ்வளவு பேசாது. அது ஒண்ணுதான் வித்தியாசம்."

படகு அடுத்த பாறைமுனையைச் சுற்றித் திரும்பியது. முதலில் பார்த்த கலாவில், அதாவது சின்ன விரிகுடாவில், குடைகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லை. அடுத்ததில் துணி உடுத்தியவர்கள் குறைவு. நோஃப்ரே அங்கே கடலைச் சுவைக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான். அதற்கடுத்தது வெறும் கூழாங்கல். இப்போது விட்டு வந்ததில் பைன் மரங்கள் தண்ணீரில் தலை கவிழ்த்து நின்றன. எல்லாம் உப்பு.

கொலோமா திரியாய்க்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. காணாமல் போனவர்களைக் கண்டுபிடிப்பது அவள் தொழில். மெனோர்கா, ஸ்பெயினைச் சேர்ந்த சின்னத் தீவு. காணாமல் போவது சுலபமில்லை. அதனால் அவளுக்கு வேலை அதிகம் வராது. வந்தால் சுலபமாக இருக்காது.

இது ரஃபேலா கோமிலாவின் வழக்கு. ரஃபேலா கடலுக்குள் முக்குளிப்பதையே பிழைப்பாகக் கொண்டவள். போன வாரம் ட்ரமுந்தானா என்ற வடக்குக் காற்று வெறிபிடித்து அடித்த ஒரு நாளில் காணாமல் போனாள். வடக்குக் கரையின் செம்மணல் விரிகுடா ஒன்றில் அவளுடைய செருப்பும் துண்டும் மட்டும் கிடந்தன. குளிக்கப் போனவளை அலை கொண்டுபோய்விட்டது என்று சொல்லிப் போலீஸ் கையைத் துடைத்துக்கொண்டது. அவள் கணவன் பெர்னாட் சிந்தெஸ் மட்டும் ஏற்கவில்லை. மாவோ துறைமுகத்தில் உல்லாசப் படகுகளை வாடகைக்கு விடும் பெரிய புள்ளி. கொலோமாவின் அறையில் உட்கார்ந்து கைக்குட்டை நனைய அழுதான். "உயிரோடவோ உடம்பாவோ, கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம்," என்றான். கொலோமாவின் படகு பழுதுபார்க்கக் கிடந்ததால் தன் படகு ஒன்றையும் கொடுத்தான்.

"எனக்கு இன்னொரு தடவை சொல்லுங்க," என்றான் நோஃப்ரே. "செருப்பு வடக்குல. நாம ஏன் தெற்குல?"

"ட்ரமுந்தானா அடிக்கிற அன்னைக்கு இந்தத் தீவுல பிறந்தவ எவளாவது வடக்குப் பக்கம் குளிக்கப் போவாளாடா? அன்னைக்குத் தெற்குக் கடல் தட்டுல ஊத்தின எண்ணெய் மாதிரி கிடக்கும். ஊரே தெற்கேதான் போகும். அந்தச் செருப்பு நடந்து வந்த செருப்பு இல்ல. கொண்டு வந்து வெச்ச செருப்பு."

"சரி. ஆனா தெற்குல எந்தக் கலான்னு கேட்டா, நக்கிப் பாருங்கறீங்க."

"நான் சொல்லல. ரஃபேலா சொன்னா."

எப்போதோ சந்தோஷமான நாள் ஒன்றில் ரஃபேலா தன் கணவனுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தாள். பெர்னாட் அதை அழிக்காமல் வைத்திருந்து கொலோமாவிடம் காட்டினான்: 'நான் மட்டும் போற இடம் ஒண்ணு இருக்கு. அங்க குளிச்சா உடம்புல உப்பே ஒட்டாது.' பெர்னாட்டுக்கு அது கொஞ்சல். கொலோமாவுக்கு அது விலாசம். நல்ல தண்ணீர் ஊற்று ஒன்று நேராகக் கடலுக்குள் வந்து கலக்கிற விரிகுடா.

வானம் அழுக்கு மஞ்சளாகக் கிடந்தது. ஒரு பொட்டுக் காற்று இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புழுக்கம் கழுத்தில் ஈரத்துணி போல ஒட்டியது. கொலோமா இரண்டு முறை வானத்தைப் பார்த்தாள்.

"என்ன பாஸ், மழை வருமா?"

"வராது. இந்த வானம் எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்."

"உங்க சியுதடெல்லா ஊர்க்காரங்களுக்கு எந்த வானம்தான் பிடிச்சிருக்கு?"

"மாவோக்காரனுக்குக் கடல்னா துறைமுகத்துல பொம்மை மாதிரி நிக்கிற தண்ணி. உனக்கு எங்க புரியப் போகுது?"

அடுத்தது வெளியிலிருந்து பார்த்தால் பாறையில் ஒரு கீறல் மட்டுமே. கலா ஃபோஸ்கா, இருட்டு விரிகுடா. சுற்றுலாப் படகுகள் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். கொலோமா எஞ்சினைக் குறைத்துப் படகை உள்ளே விட்டாள். வழி முழங்கை போல மடங்கியது. திரும்பிப் பார்த்தபோது திறந்த கடல் காணாமல் போயிருந்தது. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. மேலே ஒரு நாடா அகலத்துக்கு மஞ்சள் வானம்.

நோஃப்ரே விரலை விட்டான். நக்கினான். பிறகு உள்ளங்கை நிறைய அள்ளிக் குடித்தான்.

"பாஸ்." முதன்முறையாக அவன் குரலில் கேலி இல்லை. "சில்லுனு இருக்கு. உப்பு இல்ல."

விரிகுடாவின் கோடியில் பாறையைக் குடைந்து செய்த படகுக் கொட்டகை இருந்தது. இரட்டை மரக்கதவு, அடிப்பாகம் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. ஒரு கதவு திறந்து கிடந்தது. பக்கத்தில் நடக்க ஒரு கல்விளிம்பு, அங்கிருந்து மேலே பாறையில் வெட்டிய படிகள். படகை இரும்பு வளையத்தில் கட்டிவிட்டு இருவரும் கல்விளிம்பு வழியாக உள்ளே போனார்கள்.

நடுவில் படகு நிறுத்தும் வாய்க்கால். சுற்றிலும் கல்தரை. கட்டில், கேஸ் அடுப்பு, ஆணியில் தொங்கும் முக்குளிப்பு உடை. அடுப்பில் தக்காளி சூப். தட்டில் அத்திப்பழம்.

"சாகறதுக்கு முன்னாடி சாப்பிட வெச்சதா?" என்றான் நோஃப்ரே.

கொலோமா ஒரு அத்திப்பழத்தைத் தூக்கிக் காம்பைக் காட்டினாள். வெள்ளையாகப் பால் கசிந்துகொண்டிருந்தது.

"செத்ததுக்கு அப்புறம் பறிச்சது. இப்பத்தான்."

அவள் சொல்லி முடிக்கவில்லை. பின்னால் கதவு மோதிச் சாத்திக்கொண்டது. வெளியே இரும்புப் பட்டை உரசி விழும் சத்தம் கேட்டது.

வெளிச்சம் போயிற்று. பலகை இடுக்குகளில் மட்டும் மெல்லிய கோடுகள் மிஞ்சின. நோஃப்ரே ஓடிப்போய்த் தோளால் மோதினான். கதவு அசையவில்லை. கொலோமா பின்பக்கம் தடவிப் போனாள். அங்கே ஒரு சின்னக் கதவு. மேட்டுக்குப் போகும் வழி. தள்ளிப் பார்த்தாள். வெளியே பூட்டு ஆடும் சத்தம்.

"பாஸ், நல்ல சேதி ஒண்ணு, கெட்ட சேதி ஒண்ணு. காணாமப் போனவங்க உயிரோட இருக்காங்க. இப்ப காணாமப் போனது நாம."

"வாயை மூடு. மூச்சைச் செலவழிக்காத."

"குகை பெருசுதானே? காத்து இருக்குல்ல?" கொலோமா கதவை மறுபடி தள்ளினாள். "இருக்குன்னு சொல்லுங்க பாஸ்."

"இருக்கு."

கதவிடுக்கில் ஒரு நிழல் குறுக்கிட்டது. பெண் குரல், தாழ்ந்து வந்தது. "யாரு அனுப்பினா உங்களை?"

"ரஃபேலா?" கொலோமா கதவோடு ஒட்டிக்கொண்டாள். "பயப்படாத. நான் கொலோமா திரியாய். உன்னைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லி உன் வீட்டுக்காரர்தான்..."

ரஃபேலா சிரித்தாளா, அழுதாளா என்று நோஃப்ரேவுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு ஒலி.

"நான் செத்ததே அவன்கிட்டேர்ந்து தப்பத்தான்," என்றாள் ரஃபேலா.

"செருப்பை நீதான் வெச்சியா?"

"வேற யாரு?"

"ட்ரமுந்தானா அன்னைக்கு வடக்குல யாரும் குளிக்க மாட்டாங்கன்னு..."

"தெரியாமலா வெச்சேன்? அன்னைக்கு அங்க விழுந்தா உடம்பு கிடைக்காது. கிடைக்கலேன்னா யாரும் தேட மாட்டாங்க. அதுக்குத்தான் அந்த நாளைப் பார்த்து வெச்சேன்."

கொலோமா இருட்டில் கண்களை மூடிக்கொண்டாள். அதே செருப்பு, அதே காற்று. அவள் அதில் ஒரு கொலைகாரனின் கையெழுத்தைப் படித்திருந்தாள். எழுதியவளோ உயிர் தப்ப ஓடியவள்.

ரஃபேலா சொன்னது சுருக்கமாக இருந்தது. வசந்தத்தில் பெர்னாட்டின் பெரிய படகு ஒன்று மூழ்கியது. பாறையில் மோதியது என்று சொல்லி இன்ஷூரன்ஸ் பணம் கேட்டான் அவன். அதில் வேலை செய்த பியெல் உள்ளறையிலிருந்து வெளியே வர முடியாமல் செத்துப்போனான். பியெல் ரஃபேலாவுக்குச் சின்ன வயதுச் சிநேகிதன். அவள் யாருக்கும் சொல்லாமல் மூழ்கிப் போய்ப் பார்த்தாள். படகின் அடியில் ஓட்டைகள் உள்ளேயிருந்து வெளியே துளைத்தவை. அவள் பார்த்துவிட்டாள் என்பது பெர்னாட்டுக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்த முறை அவள் முக்குளித்தபோது காற்றுக் குழாய் ஆழத்தில் அடைத்துக்கொண்டது. எப்படியோ மேலே வந்தாள்.

"போலீசுக்குப் போயிருக்கலாமே," என்றான் நோஃப்ரே.

"எதை வெச்சு? கடலுக்கு அடியில நான் மட்டும் பார்த்தேன்னா? அடுத்த வாரம் படகைத் தூக்குறாங்க. அது வெளிய வந்துட்டா ஓட்டையே பேசும். அதுவரைக்கும் நான் செத்துக் கிடந்தாப் போதும்."

"இந்த இடம்?"

"பியெலோடது. குளிக்க என்னை மட்டும்தான் விடுவான். பெர்னாட்கிட்ட ஆறு வருஷம் வேலை பார்த்தான். நீ எந்தக் கலாவுலேர்ந்து வர்றேன்னு பெர்னாட் ஒரு தடவைகூட அவனைக் கேட்டதில்ல. அதனாலதான் இங்க வந்தேன்."

கொலோமாவின் முகத்தில் ஏதோ மாறியது. நோஃப்ரே அந்த இருட்டிலும் அதைக் கவனித்தான்.

"நோஃப்ரே. நாம வந்த படகு யாரோடது?"

"பெர்னாட்... ஐயோ."

"வாடகைப் படகு. யாராவது தூக்கிட்டு ஓடிடக் கூடாதுன்னு, எங்க நிக்குதுன்னு காட்டற கருவி ஒவ்வொண்ணுலயும் வெச்சிருப்பான். அவனுக்கு நான் கண்டுபிடிச்சுச் சொல்லக்கூட வேண்டாம். நான் போற இடமெல்லாம் அவன் போன்ல தெரியும்." அவள் கதவைத் தட்டினாள். "ரஃபேலா, நான்தான் அவனை இங்க கூட்டிட்டு வந்துட்டேன். ஓடு. மேல ஏறி ஓடு."

"உங்களை நம்பச் சொல்றீங்களா?"

"நம்ப வேண்டாம். ஓடினாப் போதும்."

அவள் காலடிகள் படியேறிப் போவது கேட்டது. பிறகு, தூரத்தில், முழங்கை வளைவில் மோதி எதிரொலித்துக்கொண்டு ஒரு எஞ்சின்.

காலடிகள் நின்றன.

திரும்பி வந்தன.

"முட்டாள்!" என்றாள் கொலோமா. "எதுக்குத் திரும்பி வந்த?"

"உங்களைப் பூட்டி வெச்சுட்டு எப்படிப் போறது?" ரஃபேலா மூச்சிரைக்க இரும்புப் பட்டையைத் தூக்கினாள். துருப்பிடித்த பட்டை கொக்கியில் சிக்கிக்கொண்டது. "வர மாட்டேங்குது... வா... வா..."

அது வந்தது. கதவு திறந்தது. வெளிச்சத்தில் ரஃபேலா நின்றாள். ஒல்லியான, வெயிலில் கறுத்த பெண், வெறுங்கால். அவளுக்குப் பின்னால், எஞ்சினை அணைத்து ஓசையில்லாமல் மிதந்து வந்த வேகப்படகில், பெர்னாட் சிந்தெஸ் நின்றான். கையில் மீன் குத்தும் துப்பாக்கி.

"நன்றி மேடம்," என்றான். அன்று அழுத அதே மென்மையான குரல். "தீவுலயே நீங்கதான் கெட்டிக்காரின்னு சொன்னாங்க. பொய் இல்ல. ரஃபேலா, உள்ள போ."

ஈட்டிமுனை அவள் கழுத்தைப் பார்த்தது. ரஃபேலா உள்ளே வந்தாள். பட்டை மீண்டும் விழுந்தது.

இப்போது இருட்டில் மூன்று பேர் இருந்தார்கள்.

"பின்கதவுச் சாவி?" என்றாள் கொலோமா.

ரஃபேலா கழுத்திலிருந்த கயிற்றை இழுத்துக் காட்டினாள். "இருக்கு. ஆனா பூட்டு அந்தப் பக்கம்."

"சபாஷ்," என்றான் நோஃப்ரே. "உலகத்துலயே பத்திரமான வீடு. வீட்டுக்காரங்களே வெளிய போக முடியாது."

வெளியே ஒரு டப்பா கல்லில் உரசியது. பிறகு கதவின் மேல் எதையோ ஊற்றும் சத்தம். பெட்ரோல் வாடை இடுக்குகள் வழியாக உள்ளே நெளிந்தது.

"பழைய குகை," என்றான் பெர்னாட் வெளியிலிருந்து, யாருக்கோ விளக்கம் சொல்வதுபோல. "பழைய கேஸ் அடுப்பு. துக்கம் தாங்காம ஒளிஞ்சு கிடந்த பொண்டாட்டி. அவளைக் கண்டுபிடிச்ச ரெண்டு பேர். அடுப்பு வெடிச்சுது. பாவம்."

ரஃபேலா ஓடிப்போய் கேஸ் உருளையின் வாயைத் திருகி மூடினாள். நோஃப்ரே போர்வையை நனைக்க வாய்க்காலுக்குக் குனிந்தான். அப்படியே நின்றான்.

"பாஸ், நாம வந்தப்போ இந்தப் படி தண்ணிக்குள்ளதானே இருந்தது?"

கொலோமா வந்து பார்த்தாள். வாய்க்காலுக்குள் இறங்கும் கல்படி ஒன்று பாசியோடு வெளியே தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் மெல்ல ஏறி அதை மூடியது. அதற்கு மேலிருந்த படியையும் நனைத்தது. அலை இல்லை, சலசலப்பு இல்லை. யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல் தண்ணீர் மறுபடி இறங்கியது. இந்த முறை இரண்டு படிகள் தெரிந்தன.

மத்தியதரைக் கடலுக்குக் கண்ணில் படும்படி ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. ஒன்றைத் தவிர. சியுதடெல்லாவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் அதன் பெயர் தெரியும்.

"ரிசாகா," என்றாள் கொலோமா, உதட்டை மட்டும் அசைத்து.

ரஃபேலாவின் கண்கள் விரிந்தன. மஞ்சள் வானம், புழுக்கம், செத்துப்போன காற்று. இப்படிப்பட்ட நாளில் குறுகலான விரிகுடாக்களில் கடல் திடீரென்று வடிந்து ஓடும். படகுகள் சேற்றில் சாயும். பிறகு போனதெல்லாம் ஒன்றாகத் திரும்பி வரும்.

"அவனுக்குத் தெரியுமா?" என்றாள் ரஃபேலா காதோடு காதாக.

"மாவோக்காரன். அவன் துறைமுகத்துல இது வராது. பெருசா ஒரு தடவை வடியணும். வடிஞ்சா கதவுக்கு அடியில வழி கிடைக்கும். அதுவரைக்கும் அவன் தீக்குச்சி கிழிக்கக் கூடாது." கொலோமா கதவருகே போனாள். குரலை உயர்த்தினாள். "பெர்னாட்! நீ முட்டாள்னு நான் நினைக்கல. ஆனா இப்ப நினைக்கிறேன்."

பெட்ரோல் ஊற்றும் சத்தம் நின்றது.

"எனக்குப் படகு குடுத்தது நீ. அது வெளிய கட்டிக் கிடக்கு. மூணு பேர் கருகிக் கிடக்கிற இடத்துல உன் கம்பெனிப் படகு. அதுக்குள்ள, எங்கெங்க போச்சுன்னு சொல்ற கருவி. போலீஸ் முதல்ல யார் வீட்டுக் கதவைத் தட்டும்?"

வாய்க்காலில் தண்ணீர் ஏறியது. கல்தரையின் விளிம்பைத் தொட்டது. இறங்கத் தொடங்கியது.

"அதை இழுத்துட்டுப் போய் வேற எங்கயாவது விடணும்," என்றாள் கொலோமா, அக்கறையாக. "செய்யறதைத் திருந்தச் செய்."

"ரொம்ப நன்றி மேடம்," என்றான் பெர்னாட். உண்மையிலேயே நன்றி சொன்னதுபோல இருந்தது. அவன் காலடி நகர்ந்தது. கயிறு அவிழும் சத்தம். படகோடு படகு மோதும் சத்தம். எஞ்சின் உறுமியது.

"பாஸ்," நோஃப்ரே கிசுகிசுத்தான், "நம்மளை எப்படிக் கொல்லணும்னு நீங்களே பாடம் எடுக்கறீங்க."

"கீழ பாரு."

தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முதல் படி, அடுத்த படி, அதற்குக் கீழே யாரும் பார்த்திராத படிகள். வாய்க்காலின் அடியில் கூழாங்கற்கள் பளபளத்தன. ஒரு நண்டு திகைத்துப்போய் ஓடியது. கதவின் அடிப்பலகை வெளியே வந்தது. அதற்கும் தரைக்கும் நடுவே கறுப்பாக ஒரு இடைவெளி.

வெளியே எஞ்சின் கீச்சிட்டு அலறியது. சுழலி கல்லில் மோதி நின்றது. பெர்னாட் ஏதோ கத்தினான்.

"இப்ப!" என்றாள் கொலோமா.

ரஃபேலா முதலில் குதித்தாள். வயிற்றால் ஊர்ந்து கதவுக்கு அடியில் நுழைந்து மறைந்தாள். அடுத்து கொலோமா. அவளுடைய சட்டை கிழிந்தது, தோள் உரசியது, வெளிச்சத்துக்கு வந்தாள். பிறகு நோஃப்ரேவின் தலை வந்தது. தோள் வந்தது. மீதி வரவில்லை.

"பாஸ், சிக்கிக்கிட்டேன்."

"மூச்சை வெளிய விடு!"

"காலையில மூணாவது என்சைமாதா ரொட்டி வேண்டாம்னு நீங்க சொல்லியிருக்கணும்!"

"சொன்னேன்டா!"

ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். பலகையின் ஆணி அவன் முதுகைக் கீறியது. சுற்றிலும் விரிகுடா காலியாகக் கிடந்தது. மீன்கள் சேற்றில் துடித்தன. பாறைகள் இடுப்புவரை பச்சையாக நிர்வாணமாக நின்றன. பத்தடி தள்ளி இரண்டு படகுகளும் சாய்ந்து கிடந்தன. பெர்னாட் படகின் விளிம்பில் நின்று, என்ன நடந்தது என்று புரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவர்களைப் பார்த்தான். துப்பாக்கியைத் தூக்கினான்.

நோஃப்ரே அலறிக்கொண்டே பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"அசையாதீங்க!" என்றான் பெர்னாட்.

"பெர்னாட்," என்றாள் கொலோமா. "உனக்குப் பின்னால பாரு."

அவன் சிரித்தேவிட்டான். "இந்தப் பழைய தந்திரத்தைப் போய் என்கிட்ட..."

"சத்தியமா பாருய்யா!" என்று கத்தினான் நோஃப்ரே. திரும்பிப் படிகளை நோக்கி ஓடினான்.

மூவரும் கல்விளிம்பில் தாவி, பாசியில் வழுக்கி, படிகளில் கையாலும் காலாலும் ஏறினார்கள். ஈட்டி ஒன்று கொலோமாவின் காதோரம் பாறையில் பட்டுத் தெறித்தது. அப்போதுதான் வளைவைத் தாண்டி அது வந்தது. அலை இல்லை. நுரை விளிம்போடு, பாறைக்குப் பாறை அகலத்துக்கு, ஒரே தளமாக எழுந்து வந்த பழுப்புத் தண்ணீர். இரண்டு படகுகளையும் தீப்பெட்டி போலத் தூக்கிக் கொட்டகைக் கதவில் அடித்தது. கதவு உடைந்து உள்ளே போனது. அவர்கள் கொஞ்ச நேரத்துக்கு முன்பு நின்ற குகை கூரைவரை நிரம்பியது.

தண்ணீர் அவர்கள் கணுக்காலைத் தொட்டு நின்றது. ஒரு கணம் தயங்கியது. திரும்ப வடிய ஆரம்பித்தது.

"ரஃபேலா!"

பெர்னாட் கீழே, இரும்பு வளையத்தை ஒரு கையால் பற்றித் தொங்கினான். ஒரு கால் தவறான பக்கம் மடங்கியிருந்தது. வடியும் தண்ணீர் அவனைக் கடல்பக்கம் இழுத்தது. விரல்கள் நழுவிக்கொண்டிருந்தன.

"கயிறு! ரஃபேலா, கயிறு போடு!"

படியோரம் முளையில் பியெலின் பழைய கயிறு சுருட்டிக் கிடந்தது. ரஃபேலா அதைக் கையில் எடுத்தாள். போடவில்லை. கொலோமா அவளைத் தடுக்கவில்லை.

"பியெலுக்கு நீ கயிறு போட்டியா?" என்றாள் ரஃபேலா.

"ரஃபேலா, தயவு பண்ணு..."

"போட்டியா?"

"இல்ல!"

"சத்தமா சொல்லு. இவங்களுக்குக் கேக்கணும்."

"இல்ல! அவன் கதவைத் தட்டினான். நான் திறக்கல! ஓட்டையைப் பார்த்துட்டான், அதான் திறக்கல!"

அந்தக் குரல் பாறைகளில் மோதித் திரும்பத் திரும்பச் சுற்றியது. விரல்கள் வளையத்தை விட்டன. அதே நொடியில் கயிறு அவன் மார்பின் மேல் விழுந்தது. அவன் அதைக் கட்டிக்கொண்டான். மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள்.

மேல்படியில் அவன் முனகிக்கொண்டு கிடந்தான். நோஃப்ரே அதே கயிற்றால் அவன் கைகளைக் கட்டினான். ரஃபேலா அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு நிமிஷம் விட்டுடலாம்னுதான் இருந்தேன்," என்றாள்.

"தெரியும்," என்றாள் கொலோமா.

"ஏன் தடுக்கல?"

"உன்னை இங்க மாட்டி விட்டதே நான்தான். உனக்குப் புத்தி சொல்ற தகுதி இன்னைக்கு எனக்கு இல்ல."

ரஃபேலா வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஏறுவதும் இறங்குவதுமாக மெல்ல மெல்லச் சமாதானமாகிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்தாள். "மேட்டுல போன் எடுக்கும்," என்றாள்.

கொலோமா பெர்னாட்டுக்குக் காவலாக நின்றாள். ரஃபேலாவும் நோஃப்ரேவும் ஏறினார்கள். உச்சியில் காட்டு ஆலிவ் புதர்களும் வெட்டவெளியும் இருந்தன. நான்கு பக்கமும் சுவர் இல்லாத இடத்தில் நிற்பதே நோஃப்ரேவுக்குப் போதையாக இருந்தது. முதுகில் ரத்தம் கசிய, போலீசுக்கு எண்ணை அழுத்தினான். மறுமுனையில் ஒரு சலிப்பான குரல், யார் பேசுவது என்று கேட்டது.

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். பிறகு யோசித்து, போனை ரஃபேலாவிடம் நீட்டினான்.

அவள் அதை வாங்கினாள். தொண்டையைச் செருமினாள். சொந்தப் பெயரைச் சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது.

"ரஃபேலா கோமிலா பேசறேன்," என்றாள்.

போன வாரம் அலை கொண்டுபோன ரஃபேலாவா என்று கேட்டது அந்தக் குரல்.

"ஆமா. அவளேதான். எழுதிக்கோங்க: நான் உயிரோட இருக்கேன்."